‘50% கூடுதல் டேமேஜ்’ என்றால் உண்மையில் எவ்வளவு?

ரோல்-பிளேயிங் கேம் ஆடுகிறவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பம் வரும். எதிரி மீது விழும் அடி 300 என்று திரையில் தெரிகிறது. ‘50% கூடுதல் டேமேஜ்’ என்று எழுதிய மோதிரத்தை மாட்டுகிறோம். 450 வர வேண்டும். வருவதோ 350. இன்னொரு திறனில் வெறும் 20% என்றுதான் எழுதியிருக்கிறது. அதைப் போட்டால் 300 என்பது 360 ஆகிறது. 50% தோற்று 20% ஜெயிக்கிறது. கேமில் ஏதோ பிழை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை எதுவும் இல்லை. போனஸ் சூத்திரத்தில் எந்த இடத்தில் போய் உட்காருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு. அந்த இடங்கள் எவை என்பதை அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

## ஓர் அடி கடந்து வரும் படிகள்

திரையில் பறக்கும் அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் பொதுவாக ஐந்து படிகள் உண்டு. வரிசை கேமுக்குக் கேம் மாறும்.

1. அடிப்படை மதிப்பு. ஆயுதத்தின் பலம், பாத்திரத்தின் ஸ்டாட் (தாக்குதல், தற்காப்பு போன்ற திறன்களைக் காட்டும் எண்), பயன்படுத்தும் திறனின் வலிமை ஆகியவை சேர்ந்து தரும் தொடக்க எண்.
2. நேரடிக் கூட்டல். ‘+15 டேமேஜ்’ என்பது போல சதவீதம் இல்லாமல் வருவது.
3. சதவீத போனஸ். இதில்தான் பெரும்பாலான குழப்பமும் இருக்கிறது. சில சதவீதங்கள் முதலில் தங்களுக்குள் கூடிக்கொண்டு, பிறகு ஒரே தடவை பெருக்கும். சில தனித்தனியாகப் பெருக்கும்.
4. எதிரியின் தற்காப்பு. கவசம், எதிர்ப்பு, பலவீனம்.
5. அதிர்ஷ்டம். அடி படுமா, கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடி) ஆகுமா, எண் எவ்வளவு ஏறி இறங்கும் என்பவை.

## பகடைக் காலத்துக் கணக்கு

இந்த முறைக்கெல்லாம் தாய்வீடு கணினி அல்ல, மேசை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அடி படுமா என்பதற்கு ஒரு பகடை, பட்டால் எவ்வளவு வலி என்பதற்கு வேறு பகடை. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத்தான் அடித்தளமாக வைத்திருக்கிறது. கணக்கைக் கேம் போட்டுவிடுவதால் ஆடுகிறவருக்கு அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இருபது முகப் பகடையில் ‘+1’ என்பது எப்போதும் 5 சதவீதப் புள்ளிதான். ஆனால் அதன் பயன் எப்போதும் ஒன்றல்ல. எதிரியை அடிக்க 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் வாய்ப்பு 50%. +1 கிடைத்தால் 55%. சராசரி டேமேஜ் பத்தில் ஒரு பங்கு கூடும். அதே எதிரி கனமான கவசத்தில் இருந்து, 19 விழுந்தால்தான் அடி படும் என்றால் வாய்ப்பு 10%. அங்கே +1 கிடைத்தால் 15%. அதாவது ஒன்றரை மடங்கு. கடினமான எதிரிக்கு எதிராகச் சின்ன போனஸ் பெரிய போனஸாகிவிடுகிறது.

இந்த விதிகளில் கிரிட்டிக்கல் என்றால் ‘இரண்டு மடங்கு டேமேஜ்’ என்று பலரும் நம்புகிறார்கள். இரட்டிப்பாவது பகடை மட்டும். எட்டு முகப் பகடையும் +5-ம் உள்ள ஒரு வாளை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அடியின் சராசரி 4.5 + 5 = 9.5. கிரிட்டிக்கலில் 9 + 5 = 14. இரண்டு மடங்குக்கு வெகு கீழே. பதுங்கி அடிக்கும் ரோக் வகைப் பாத்திரத்துக்குக் கிரிட்டிக்கல் ஏன் அவ்வளவு பிடிக்கும் என்பதும் இதிலேயே விளங்கிவிடும். அவருடைய டேமேஜில் பெரும்பகுதி பகடையாகவே வருகிறது. அது முழுக்க இரட்டிப்பாகிறது.

திறன் சோதனைகளும் இதே பகடையில்தான் ஓடுகின்றன. ஒரு பூட்டைத் திறக்க மொத்தம் 15 வேண்டும். கைச்சுறுசுறுப்பு தரும் +3 மட்டும் இருந்தால் 12 விழ வேண்டும், வாய்ப்பு 45%. அந்த வேலையில் பயிற்சி இருந்து இன்னொரு +3 சேர்ந்தால் 60%. நிபுணத்துவம் பயிற்சி போனஸை இரட்டிப்பாக்கும், அப்போது 75%. பால்டர்ஸ் கேட் 3-இல் பகடையில் 1 விழுந்தால் சோதனை எப்படியும் தோல்விதான் என்பதால், எவ்வளவு போனஸ் குவித்தாலும் 5% தோல்வி கூடவே வரும். சேமித்துவிட்டுப் பூட்டில் கை வையுங்கள்.

## ஒரு முழுக் கணக்கு: சாரிசார்டும் வீனஸாரும்

போகிமானின் சூத்திரம் பல ஆண்டுகளாக ரசிகர்களால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கப்பட்டது. பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. நவீனப் பாகங்களில் அடிப்படைக் கணக்கு இது:

(லெவல் × 2 ÷ 5 + 2) × தாக்குதலின் வலிமை × தாக்குபவரின் ஸ்டாட் ÷ தடுப்பவரின் ஸ்டாட் ÷ 50 + 2

சாரிசார்ட் என்ற போகிமான் வீனஸார் என்ற போகிமானைத் தாக்குகிறது, இரண்டும் லெவல் 50 என்று வைத்துக்கொள்வோம். சாரிசார்டின் சிறப்புத் தாக்குதல் 129, வீனஸாரின் சிறப்புத் தற்காப்பு 120, வீனஸாரின் உயிர் 155. (கூடுதல் பயிற்சி எதுவும் தராமல், பிறவி மதிப்புகள் மட்டும் உச்சத்தில் இருந்தால் வரும் எண்கள் இவை.) ஃபிளேம்த்ரோவர் என்ற நெருப்புத் தாக்குதலின் வலிமை 90.

1. லெவல் பகுதி: 50 × 2 ÷ 5 + 2 = 22.
2. 22 × 90 × 129 ÷ 120 = 2128. பின்னத்தை வெட்டிவிடுகிறார்கள்.
3. 2128 ÷ 50 = 42. இங்கேயும் வெட்டு. அதோடு 2 கூட்டினால் 44.
4. அதிர்ஷ்டம்: 85% முதல் 100% வரை பதினாறு படிகளில் ஒன்று. ஆகவே 37 முதல் 44 வரை.
5. நெருப்பு வகைப் போகிமான் நெருப்புத் தாக்குதலைப் போட்டால் 1.5 மடங்கு, இதை ‘ஸ்டேப்’ என்பார்கள். இப்போது 55 முதல் 66.
6. வீனஸார் புல் வகை. நெருப்பு அதற்கு 2 மடங்கு. முடிவு 110 முதல் 132.

வீனஸாரின் உயிர் 155. ஒரே அடியில் விழாது. சரி, வெயில் அடிக்கும்போது இதே தாக்குதலைப் போட்டால்? வெயிலில் நெருப்புக்கு 1.5 மடங்கு. 44 என்பது 66 ஆகி, மற்ற படிகளைக் கடந்ததும் 168 முதல் 198 வரை வருகிறது. குறைந்தபட்ச எண்கூட 155-ஐத் தாண்டிவிட்டது. அதிர்ஷ்டம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வீனஸார் காலி. போட்டிகளில் ஆடுகிறவர்கள் வெயிலைக் கொண்டுவருவதற்கென்றே ஒரு போகிமானை அணியில் வைத்திருப்பது இந்தக் கணக்கை நம்பித்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஸ்டேப், வெயில், வகைப் பலவீனம் மூன்றும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்பது. 1.5 × 1.5 × 2 = 4.5 மடங்கு. இவை கூடிக்கொள்ளும் போனஸ்களாக இருந்திருந்தால் 50 + 50 + 100 = 200%, அதாவது 3 மடங்கோடு நின்றிருக்கும். 

## தனி வட்டி, கூட்டு வட்டி

பள்ளியில் படித்த வட்டிக் கணக்கை நினைத்துக்கொண்டால் இது சுலபம். கூட்டல் போனஸ் தனி வட்டி மாதிரி: எத்தனை வந்தாலும் முதலை மட்டுமே பார்க்கும். பெருக்கல் போனஸ் கூட்டு வட்டி மாதிரி: அதுவரை சேர்ந்ததையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்.

இதை மொழியிலேயே பிரித்துக் காட்டிய கேம் பாத் ஆஃப் எக்ஸைல். நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013-இல் வெளியிட்ட இந்தக் கேமில் ‘இன்கிரீஸ்டு’ என்ற சொல் வந்தால் கூட்டல், ‘மோர்’ என்ற சொல் வந்தால் பெருக்கல். சாதாரணப் பேச்சில் இரண்டும் ஒரே பொருள்தான். இந்தக் கேமிலோ அவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அடிப்படை டேமேஜ் 100 என்போம். ஏற்கெனவே 40%, 60%, 100% என்று மூன்று ‘இன்கிரீஸ்டு’ போனஸ்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே உண்டியலில் விழுந்து 200% ஆகின்றன. டேமேஜ் 300. இப்போது நான்காவதாக ஒரு 50% வருகிறது:

1. அது ‘இன்கிரீஸ்டு’ என்றால் அதே உண்டியலில் விழும். 250% ஆகி, டேமேஜ் 350. உண்மையான உயர்வு 16.7% மட்டுமே.
2. அது ‘மோர்’ என்றால் அதற்குத் தனி உண்டியல். 300 × 1.5 = 450. உயர்வு முழு 50%.

கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த 300-350 புதிருக்கு விடை இதுதான். நிரம்பிய உண்டியலில் போடும் காசுக்கு மதிப்புக் குறைவு, காலி உண்டியலில் போடும் காசுக்கு மதிப்பு அதிகம். ‘இன்கிரீஸ்டு’ ஒன்றுகூட இல்லாத புதுப் பாத்திரத்துக்கு இரண்டு 50%-ம் சமம். லெவல் ஏற ஏறத்தான் அவை விலகிப் போகின்றன. லெவல் 10-இல் அபாரமாகத் தெரிந்த திறன் லெவல் 80-இல் சப்பென்று ஆகிவிடுவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

டியாப்லோ 4 பெருக்கலாகச் சேரும் போனஸுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியே போட்டுக் காட்டுகிறது. எல்லாக் கேம்களும் இதைச் செய்ய வேண்டும். செய்யாமல் விடுவது ஆடுகிறவரின் நேரத்தை வீணாக்குவது.

## இரண்டு கோப்லெட், ஒரே 46.6%

2020 செப்டம்பரில் வந்த கென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறவர்கள் தினமும் மல்லுக்கட்டும் கேள்வி இது. பாத்திரத்துக்கு மாட்டும் அணிகலன்களை ஆர்டிஃபேக்ட் என்பார்கள். கோப்லெட் என்ற ஆர்டிஃபேக்டில் முதன்மை ஸ்டாட்டாக ‘தாக்குதல் 46.6%’ வரலாம், ‘பைரோ (நெருப்பு) டேமேஜ் போனஸ் 46.6%’ம் வரலாம். எண் ஒன்றே. நெருப்புப் பாத்திரத்துக்கு எதை மாட்டுவது?

முதலில் தாக்குதல் ஸ்டாட் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். தாக்குதல் சதவீதம் பாத்திரம், ஆயுதம் இரண்டின் அடிப்படைத் தாக்குதலை மட்டுமே பெருக்கும். உச்ச லெவல் ஐந்து நட்சத்திர இறகு ஆர்டிஃபேக்ட் தரும் 311 நேரடித் தாக்குதலை அது தொடாது. அடிப்படை 800 என்றும், மணற்கடிகார ஆர்டிஃபேக்டின் 46.6%-ஓடு வேறு வழிகளில் 30% இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால்:

800 × 1.766 + 311 = ஏறத்தாழ 1724

1. தாக்குதல் கோப்லெட் மாட்டினால் 800-இன் 46.6%, அதாவது 373 கூடுகிறது. 1724 என்பது 2097 ஆகிறது. உயர்வு 21.6%.
2. பைரோ கோப்லெட் போய்ச் சேரும் இடம் டேமேஜ் போனஸ் என்ற வேறு உண்டியல். அது காலியாக இருந்தால் உயர்வு முழு 46.6%.
3. ஆயுதமும் மற்ற வழிகளும் ஏற்கெனவே 100% டேமேஜ் போனஸ் தந்துகொண்டிருந்தால், 200 என்பது 246.6 ஆகிறது. உயர்வு 23.3% மட்டுமே. இரண்டு கோப்லெட்டும் கிட்டத்தட்டச் சமம்.
4. அணியில் பென்னெட் என்ற துணைப் பாத்திரம் இருந்து, ஆயிரம் அளவுக்கு நேரடித் தாக்குதலை அள்ளிக் கொடுத்தால், 2724-இன் மேல் கூடும் அதே 373 வெறும் 13.7%. மறுபடி பைரோ கோப்லெட்டே மேல்.

ஆக, ‘எந்தக் கோப்லெட் சிறந்தது’ என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் இல்லை. கூட யார் ஆடுகிறார்கள், என்ன ஆயுதம் கையில் இருக்கிறது என்று சொன்னால்தான் பதில் உண்டு. யாரோ ஒருவரின் பில்டை (ஆயுதம், ஆர்டிஃபேக்ட் தேர்வை) அப்படியே காப்பியடித்து ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அவருடைய உண்டியலில் எது நிரம்பியிருந்தது என்பது இவருக்குத் தெரியாது.

எதிரியின் எதிர்ப்பைக் குறைப்பது இன்னொரு தனி உண்டியல். பெரும்பாலான எதிரிகளுக்கு 10% எதிர்ப்பு உண்டு, அடியில் 0.9 பங்குதான் உள்ளே போகும். விரிடெசென்ட் வெனரர் என்ற ஆர்டிஃபேக்ட் செட் அதை 40 புள்ளி குறைத்தால் எதிர்ப்பு -30% ஆகும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பாதிதான் கணக்கு என்பதால் 1.15 பங்கு உள்ளே போகும். 0.9-இலிருந்து 1.15: ஏறக்குறைய 28% உயர்வு. அதுவும் அந்த வகைத் தாக்குதல் போடும் அணி முழுவதற்கும். அடிக்கிற பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த உண்டியலை எட்டிப் பார்ப்பதே இல்லை.

## கிரிட் வாய்ப்பு, கிரிட் டேமேஜ்

கென்ஷினில் தொடக்கத்தில் கிரிட் வாய்ப்பு (அடி கிரிட்டிக்கல் ஆகும் வாய்ப்பு) 5%, கிரிட் டேமேஜ் (அப்படி ஆனால் கூடும் டேமேஜ்) 50%. சராசரியாகக் கிடைக்கும் பெருக்கி: 1 + வாய்ப்பு × கிரிட் டேமேஜ். இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால், ஒன்றை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நஷ்டம். ஆர்டிஃபேக்டுகளில் கிரிட் டேமேஜ், வாய்ப்பைப் போல இரண்டு மடங்கு எண்ணாக வருகிறது. ஒரே அளவு செலவில் மூன்று வழிகள்:

1. வாய்ப்பு 75%, கிரிட் டேமேஜ் 50%: 1.375 மடங்கு.
2. வாய்ப்பு 25%, கிரிட் டேமேஜ் 150%: 1.375 மடங்கு.
3. வாய்ப்பு 50%, கிரிட் டேமேஜ் 100%: 1.5 மடங்கு.

ஆடுகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு என்று விகிதம் சொல்வது இதை வைத்துத்தான். வாய்ப்பு 100%-ஐத் தாண்டியது அத்தனையும் வீண்.

## கவசம் ‘குறைந்துகொண்டே போகிறதா’?

தற்காப்புக் கணக்கில் மூன்று பாணிகள் பரவலாக உண்டு.

1. கழித்தல். ஃபயர் எம்ப்ளம் தொடரில் தாக்குதலிலிருந்து தற்காப்பைக் கழித்தால் டேமேஜ். தாக்குதல் 20, தற்காப்பு 18 என்றால் அடி 2. தாக்குதலில் இன்னும் 2 கூடினால் அடி 4, டேமேஜ் இரட்டிப்பு! இந்தப் பாணியில் சின்னச் சின்னக் கூட்டல்களே ராஜா.
2. வகுத்தல். மேலே பார்த்த போகிமான். தற்காப்பு எவ்வளவு உயர்ந்தாலும் அடி பூஜ்யமாகிவிடாது.
3. வளைகோடு. 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3-இல் உள்ளது: 0.06 × கவசம் ÷ (1 + 0.06 × கவசம்).

மூன்றாவது பாணியைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை நெடுநாளாக ஓடுகிறது. கவசம் 10 என்றால் 37.5% டேமேஜ் குறைகிறது. 20 என்றால் 54.5%. 30 என்றால் 64.3%. முதல் பத்துக்கு 37.5, கடைசிப் பத்துக்கு வெறும் 9.8, ஆகவே மேலும் கவசம் வாங்குவது வீண் என்பார்கள். இது சரியல்ல. செத்து விழும் முன் எவ்வளவு அடி தாங்க முடியும் என்று பாருங்கள். 1000 உயிர் உள்ளவர் கவசம் 10-இல் 1600 டேமேஜ் தாங்குவார். 20-இல் 2200. 30-இல் 2800. ஒவ்வொரு பத்துக்கும் சரியாக 600. சதவீதம் சுருங்குகிறது, தாங்கும் சக்தி சுருங்கவில்லை.

சில கேம்களில் உச்சவரம்பு உண்டு. ஸ்கைரிமில் கவசத்தால் குறையும் டேமேஜ் 80%-ஓடு நின்றுவிடும். கேடயம் இல்லாமல் நான்கு உருப்படிகளும் அணிந்திருந்தால் திரையில் 567 வரும்போது அந்த வரம்பு வந்துவிடும். அதற்கு மேல் கொல்லன் பட்டறையில் தட்டுவதெல்லாம் அழகுக்கு மட்டும். ஆனால் வரம்பை நெருங்கும்போது கடைசிச் சில புள்ளிகளை அலட்சியம் செய்ய வேண்டாம். 75%-இலிருந்து 80% ஆனால் உள்ளே வரும் அடி 25-இலிருந்து 20 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

## திரை சொல்வதும் நிரல் செய்வதும்

இவ்வளவு கணக்கும் தெரிந்தவரையும் தடுமாற வைப்பது, திரையில் காட்டும் எண்ணே சில நேரம் உண்மையாக இல்லாதது.

ஃபயர் எம்ப்ளம் தொடரில் 2002-இல் வந்த ‘த பைண்டிங் பிளேட்’ முதல் பல பாகங்களில், அடி படுமா என்று பார்க்க ஒன்றுக்குப் பதில் இரண்டு தற்செயல் எண்களை எடுத்து அவற்றின் சராசரியை வைத்து முடிவு செய்கிறார்கள். அதனால் 90% என்று காட்டுவது உண்மையில் 98.1%. 70% என்பது 82.3%. 30% என்பது 18.3%. இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்தது. ‘90% போட்டும் தவறிவிட்டதே’ என்ற ஆத்திரம் வராமல் பார்த்துக்கொள்கிறது.

நிஜப் பிழைகளும் உண்டு. 1987-இல் வந்த முதல் ஃபைனல் ஃபேண்டஸியின் ஃபாமிகாம் (நின்டென்டோவின் கேம் கருவி) பதிப்பில் ‘இன்டெலிஜென்ஸ்’ ஸ்டாட் மந்திர டேமேஜை ஏற்றவே இல்லை. அதே கேமில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனியாகக் கிரிட்டிக்கல் மதிப்பு எழுதியிருந்தார்கள்; நிரல் அதை விட்டுவிட்டு, பட்டியலில் அந்த ஆயுதத்தின் வரிசை எண்ணைக் கிரிட்டிக்கல் வாய்ப்பாக எடுத்துக்கொண்டது. 1996-இல் தொடங்கிய முதல் தலைமுறைப் போகிமானில் ‘ஃபோகஸ் எனர்ஜி’ கிரிட்டிக்கல் வாய்ப்பை நான்கு மடங்காக்க வேண்டும். அது நான்கில் ஒரு பங்காக்கியது. நம்பிப் போட்டவர்கள் தங்கள் போகிமானைத் தாங்களே பலவீனமாக்கிக்கொண்டார்கள்.

அதனால் ஒரு போனஸ் உண்மையில் என்ன செய்கிறது என்று அறிய நேரடியாகச் சோதிப்பதே நல்லது.

1. ஒரே எதிரி, ஒரே லெவல், ஒரே தாக்குதல். மற்ற பஃப்கள் (தற்காலிகமாகப் பலம் கூட்டுபவை) அனைத்தையும் நிறுத்துங்கள்.
2. போனஸ் இல்லாமல் இருபது, முப்பது தடவை அடித்து, கிரிட்டிக்கல்களை ஒதுக்கிவிட்டு, மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. போனஸை மாட்டி அதையே திரும்பச் செய்யுங்கள். குறைந்ததைக் குறைந்ததோடும் அதிகத்தை அதிகத்தோடும் வகுத்துப் பாருங்கள். ஓர் அடியை இன்னோர் அடியோடு ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். போகிமான் போல 85 முதல் 100 வரை ஆடும் கேமில் 10% போனஸ் ஒன்று அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.
4. அப்புறம், அதே வகை போனஸ் இன்னொன்றைக் கூடவே மாட்டி மறுபடியும் வகுத்துப் பாருங்கள். 50% எழுதிய இரண்டை ஒன்றாக மாட்டியதும் விகிதம் 2 என்று வந்தால் இரண்டும் ஒரே உண்டியல். 2.25 வந்தால் தனித்தனி.